கிணறு காட்டிய ஊர்

திருகோணமலைக்குச் செல்வோர் எவரும் கோணேசர் மலையின் உச்சியில் நின்று கடலைப் பாராது திரும்புவதில்லை. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற பழம்பதி அது. அங்கு நின்று கிழக்கே நோக்கினால் எல்லையற்ற வங்கக் கடல். மேற்கே, வல்லரசுகள் பல நூற்றாண்டுகளாக ஆசைப்பட்ட இயற்கைத் துறைமுகம். தெற்கே கொட்டியாரக் குடா. அக்குடாவின் மறுகரையில், நீரோடு ஒட்டிக் கிடக்கும் கரும்பச்சைக் கரை ஒன்று தெரியும். மலைக்கு வருவோர் கோட்டைக்குள் திரியும் மான்களுக்குத் தீனி கொடுப்பர், இராவணன் வெட்டை எட்டிப் பார்த்து மெய்சிலிர்ப்பர், படம் பிடித்துக்கொள்வர். அந்தக் கரும்பச்சைக் கரையை மாத்திரம் எவரும் விசாரிப்பதில்லை.

நானும் பல்லாண்டுகளாக விசாரித்ததில்லை. சென்ற முறை அங்கு நின்றபோது, உடன் வந்த ஆசிரிய நண்பர் விரலை நீட்டி, "அதுதான் சம்பூர்ப் பக்கம். ஒருமுறை போய் வாருங்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, ஆனாலும் போய்ப் பார்க்க வேண்டும்" என்றார். ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கச் சொன்ன அந்த வார்த்தை என்னை விடவில்லை. மறுநாட் காலையில் மூதூர் பஸ்ஸில் ஏறி அமர்ந்தேன்.

துறைகள் மறைந்த வழி

ஒரு காலத்தில் இது எளிய பயணமன்று. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என நீர் குறுக்கிட்ட இடந்தோறும் வண்டியை நிறுத்தி, 'பாதை'யில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். 'பாதை' என்றால் ஏனைய ஊரவர் தெரு என்றே கொள்வர். கிழக்கு மாகாணத்தாருக்கோ அது ஆற்றைக் கடத்தும் மிதவை. பாதைக்குக் காத்திருந்து காத்திருந்தே துறையடியில் நட்புக் கொண்டோர் உண்டு; கலியாணம் பேசி முடித்தோரும் உண்டு என்பர். இந்தத் தொல்லைக்கு அஞ்சியவர்கள் நகரிலிருந்து நேரே படகேறிக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கினர்.

இன்று துறைகள் இல்லை. 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் வந்துவிட்டன. பஸ் நின்ற இடம் தெரியாமல் நீரைக் கடந்து செல்கிறது. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்த மாவலி கங்கை, கொட்டியாரப்பற்று வயல்களுக்குத் தன்னாலானதை வழங்கிவிட்டு, ஆரவாரமின்றிக் கடலை அடையும் காட்சியைச் சாளரத்தின் வழியே கண்டேன்.

மூதூரில் ஒரு நினைவுக் கல் உண்டு. புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று 1660இல் இக்கரையில் ஒதுங்கியபோது, அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தந்தை சிறைவாழ்விலேயே மாண்டார். மகன் ஏறத்தாழ 19 ஆண்டுகளின் பின் 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். இலங்கையைப் பற்றி மேல்நாட்டார் விரும்பிப் படிக்கும் நூல்களுள் அது முதன்மையானது. தன் ஊரை இழந்து ஒரு மனிதன் கழித்த 19 ஆண்டுகளை உலகம் மூன்று நூற்றாண்டுகளாகப் படித்து வருகிறது. அதே மூதூருக்குச் சில மைல் அப்பால், ஊர் முழுவதும் தன் மண்ணை இழந்து கழித்த ஆண்டுகளைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணத்தோடு ஓட்டோ ஒன்றில் ஏறினேன்.

அங்கே கண்ட அமைதி

கட்டைபறிச்சானில் களப்பைக் கடந்து, சேனையூர், கடற்கரைச்சேனை வழியாகத் தெரு கடலை நோக்கிச் செல்கிறது. இருபுறமும் பற்றைக் காடு, இடையிடையே வயல், தனித்தனியே நிற்கும் பனைகள். சம்பூரை அடைந்தபோது முற்பகல் பத்து மணி இருக்கும். ஓட்டோ திரும்பிப் போன பின்னர் செவியில் விழுந்தவை மூன்றே ஒலிகள்: எங்கோ ஒரு கன்றின் குரல், யாரோ விறகு பிளக்கும் ஓசை, தொலைவில் கடலின் இரைச்சல். ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக வாழும் ஊர் இது. ஆடவர் கடலுக்கோ வயலுக்கோ மாட்டுப்பட்டிக்கோ போயிருந்தனர். சிறுவர் பள்ளியில் இருந்தனர். கிடுகு வேலிகளுக்கு உள்ளே சிறிய கல்வீடுகள். சிலவற்றின் சுவர்கள் இன்னும் பூசப்படவில்லை.

நகரத்து இரைச்சலிற் சலித்தவனுக்கு இது சொர்க்கமாகவே தோன்றும். எனக்கும் சற்றுநேரம் அப்படியே தோன்றிற்று. பிறகு ஒன்றைக் கவனித்தேன். வளவுகளில் வயது முதிர்ந்த மரங்கள் மிகக் குறைவு. தென்னைகள் இளையவை, மாமரங்கள் ஆளுயரம் கடந்து சில ஆண்டுகளே ஆனவை. தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்த ஊர். மரங்களோ பத்து வயதுப் பிள்ளைகள்! ஏதோ கணக்கு இடித்தது.

கிணற்றடியில் ஒரு கதை

ஒரு வளவின் படலையருகே தயங்கி நின்றேன். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டி நிமிர்ந்து பார்த்தார். "வெயிலுக்க நிக்காம உள்ள வாங்க தம்பி" என்றார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று கேட்பதற்கு முன்னரே கிணற்றில் வாளியை இறக்கி, செம்பு நிறையத் தண்ணீர் தந்தார். மெல்லிய உவர்ப்புக் கலந்த குளிர்ந்த நீர்.

"கிணறு பழையதாக இருக்கிறதே, ஆச்சி. வீடு புதிதாக இருக்கிறது" என்றேன்.

"கிணறு மட்டும்தான் மிஞ்சினது" என்று சொல்லித் திண்ணையில் அமர்ந்தார். பின்வருவது அவர் சொல்லக் கேட்டதும், ஆண்டுகளை மட்டும் நான் ஒழுங்குசெய்ததுமாகும்.

2006ஆம் ஆண்டு. அப்போது சம்பூர் விடுதலைப் புலிகளின் ஆதிக்கத்தில் இருந்தது. "வருசம் பிறந்து பத்துப் பன்ரண்டு நாள். சுட்ட பலகாரம் டின்னுக்க இருந்தது" என்றார். ஏப்ரல் இறுதியில் அப்பகுதியின்மீது விமானக் குண்டுகளும் எறிகணைகளும் விழுந்தன. மாட்டை அவிழ்த்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடினார்கள். ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை, கடைசியில் மட்டக்களப்பு என்று ஓட்டம் நீண்டது. செப்டெம்பர் மாதம் 4ஆம் தேதி சம்பூர் இராணுவத்தின் வசமாயிற்று. இனித் திரும்பலாம் என்றே எல்லாரும் எண்ணினர்.

திரும்ப முடியவில்லை. 2007 மே மாதம் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இந்திய, இலங்கை மின் நிறுவனங்கள் கூடி அங்கு 500 மெகாவாற் அனல்மின் நிலையம் அமைப்பதென்ற திட்டமும் எழுந்தது. 2012இல் பாரிய கைத்தொழில்களுக்கான வலயம் என்று மற்றொரு பிரகடனம். மக்கள் கிளிவெட்டி, மணற்சேனை, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் தறப்பாளின் கீழும் தகரத்தின் கீழும் இருந்தார்கள். கட்டைபறிச்சானில் இருந்தவர்களுக்குத் தம் ஊர் நடந்து போகும் தூரம். போகத்தான் விடவில்லை. மாற்றுக்காணி தருவதாகச் சொன்னபோது பலர் மறுத்துவிட்டனர். ஊருக்கே போவோம் என்ற ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு கச்சேரிக்கும் கூட்டங்களுக்கும் அலைந்தனர்.

2015 மே மாதத்தில், கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கிய 818 ஏக்கர் பற்றிய பிரகடனத்தை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இரத்துச் செய்தார். வழக்கொன்று குறுக்கிட்டதால் மேலும் சில மாதத் தாமதம். ஆகஸ்டில் மக்கள் வரத் தொடங்கினர். கடற்படைத் தளமாயிருந்த பகுதியின் மக்கள் காணிகள் விடுபடுவதற்கு 2016 மார்ச் வரை ஆயிற்று.

"வந்து பாத்தா ஊரைக் காணல்ல, தம்பி. புல்டோசர் போட்டு மட்டமாக்கின வெளி. வேலி இல்ல, மதில் இல்ல, மாமரம் இல்ல. ஒழுங்கையே இல்ல. ஆர்ட வளவு எதெண்டு ஆருக்கும் தெரியல்ல. பத்திரகாளி கோயில் நிண்டது. அதுல இருந்து அடி எண்ணி எண்ணி நடந்தம். பற்றையை வெட்ட வெட்டக் கிணறு வந்தது. கிணத்தக் கண்டாப் பிறகு, இது இன்னார் வளவு, அது அடுத்த வளவு எண்டு எல்லாம் ஒண்டொண்டா வந்திட்டுது."

எழுந்து சென்று கிணற்றுக் கட்டின் உட்புறத்தைக் காட்டினார். சீமெந்து ஈரமாயிருந்தபோது ஆணியாற் கீறிய வேல் ஒன்றும் 1982 என்ற ஆண்டும் தெரிந்தன. அவருடைய கணவர் கீறியவை. கணவர் முகாமிலேயே காலமாகிவிட்டார். "உறுதி, பத்திரம் ஓட்டத்தில துலைஞ்சுது. இதுதான் என்ர உறுதி" என்று அந்த வேலின்மேல் கையை வைத்தார்.

வெறுங்காணி என்னும் சொல்

அனல்மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. நிலக்கரிப் புகை தம் வயலையும் கடலையும் கெடுக்குமென்று அஞ்சியிருந்தோர் பெருமூச்சு விட்டனர். பின்னர் நிலக்கரியின் இடத்தைச் சூரியன் எடுத்துக்கொண்டது. சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையம் அமைப்பதற்கான தொடக்க விழாவில் 2025 ஏப்ரல் 5ஆம் தேதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்தே கலந்துகொண்டனர்.

நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். புகையில்லா மின்சாரம் பெரும் நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் திட்டம் தீட்டுவோர் படத்தை விரித்து இடம் தேடும்போது வழங்கும் ஒரு சொல் என் மனத்தை உறுத்துகிறது. 'வெறுங்காணி' என்பதே அச்சொல். சம்பூரும் ஒன்பது ஆண்டுகள் வெறுங்காணியாகத்தான் தெரிந்திருக்கும். மக்களை வெளியே நிறுத்திவிட்டு, வீட்டை இடித்து, வேலியைப் பிடுங்கிய பின்னர் எந்த ஊரும் வெறுங்காணிதானே! மேலே நின்று பார்ப்பவருக்குப் பற்றை தெரியும். பற்றைக்குள் இருக்கும் கிணறு தெரியாது. ஆகவே, இனி இப்பகுதியில் எத்திட்டம் வருவதாயினும் முதலிற் கிணற்றுக்குரியவர்களைக் கேட்டுவிட்டு வருவதே முறை.

மீண்டவர்களின் வாழ்வு இனிப்பாகவே இருக்கிறதென்று எழுதினால் பொய்யாகும். முகாமில் வளர்ந்த பிள்ளைகளுட் பலருக்கு வயலும் வலையும் பழக்கமில்லை. வேலை தேடி நகருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். ஆச்சியின் பேரனும் அப்படிப் போனவனே. "அவன் பிறந்தது இங்க, வளந்தது தறப்பாளுக்க. ஊரெண்டா என்னெண்டு அவனுக்கு நான் சொல்லித்தானே தெரியும்" என்றார். குரலிற் குறையில்லை, கவலை இருந்தது. மண் மீண்டுவிட்டது, அதன்மீது இருந்த பழக்கம் மீள இன்னும் ஒரு தலைமுறை வேண்டும் போலும்.

விடைபெற எழுந்தேன். "இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று மறித்தார். தேத்தண்ணீர் கொதிக்கும் இடைவெளியில், "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றின் பெயரைச் சொல்லி, கொழும்பிற் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆயிற்று என்றேன்.

"உங்கட வளவில கிணறு எந்தப் பக்கம்?"

எளிய கேள்வி. ஆயினும் உடனே விடை வரவில்லை. வீட்டின் வடக்கிலா, கிழக்கிலா? குசினி வாசலில் நின்றால் வலப்புறம் துலா தெரியும். காலை வெயில் துலாவின் நிழலைச் சுவரில் வீழ்த்தும்... மெல்ல மெல்லக் கணக்கிட்டு, "வடகிழக்கு மூலையில்" என்றேன். ஆச்சி சிரித்தார். "மறந்திராதீங்க தம்பி. எப்பவும் உதவும்" என்றார்.

மாலையில் திருகோணமலைக்கு மீண்டு, மறுபடியும் கோணேசர் மலையில் ஏறினேன். பூசை மணி ஒலித்துக்கொண்டிருந்தது. தெற்கே அந்தக் கரும்பச்சைக் கரை இருளிற் கரைந்துகொண்டிருந்தது. சிற்சில விளக்குகள் தெரிந்தன. கோணேசரைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள் ஒரு பகற்பொழுதை ஒதுக்கி அக்கரைக்கும் சென்று வரலாம். நண்பர் சொன்னதுபோலப் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. படலையைத் தட்டினால் ஒரு செம்பு தண்ணீர் கிடைக்கும். அதைக் குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒவ்வொருவரும் தத்தம் வளவுக் கிணறு எந்தத் திசையில் இருக்கிறதென்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.