சோதனைத் தாங்கியின் பங்கைக் கழித்தல்: நுண்ணலை அளவீடு பற்றிய ஒரு குறிப்பு

நுண்ணலை மீடிறன்களில் ஒரு திரான்சிற்றரை அளக்க முனைவோர் எதிர்கொள்ளும் முதல் இடர் மிகச் சாதாரணமானது. அளக்கும் கருவியின் வாயில் ஓரச்சு வடத்துக்குரியது. அளக்கப்படும் பொருளோ பலகையிற் பற்றாசு வைக்கப்படும் சிறு துண்டு. இரண்டையும் இணைக்க இடையே ஒரு சோதனைத் தாங்கி வேண்டும். காவி வலையமைப்புப் பகுப்பாய்வி தான் அனுப்பும் அலையில் எவ்வளவு தெறித்து மீள்கிறது, எவ்வளவு ஊடே செல்கிறது என்பவற்றை வீச்சத்தோடும் அவத்தையோடும் தருகின்றது. இவ்விகிதங்களையே சிதறற் குணகங்கள் என்கிறோம். ஆயின் கருவி காண்பது பொருளை மட்டுமன்று. தாங்கியையும் சேர்த்தே காண்கின்றது.

இது புறக்கணிக்கத்தக்க சிறு வழுவன்று. 3 கிகா ஏட்சில் வெற்றிடத்து அலைநீளம் 10 சதம மீற்றர். பலகையில் அலை அதன் பாதி வேகத்திற் செல்வதாகக் கொண்டால் அலைநீளம் 5 சதம மீற்றராகும். ஒரு சதம மீற்றர் நீளமான 50 ஓம் வழியின் முடிவில் முழுமையான குறுஞ்சுற்று ஒன்றை வைப்போம். அலை செல்கையில் 72 பாகையும் மீள்கையில் 72 பாகையும் பிந்துகின்றது. விளைவாக, பூச்சியத் தடங்கல் கொண்ட குறுஞ்சுற்று, கருவிக்கு 154 ஓம் எதிர்த்தாக்கமுள்ள தூண்டியாகத் தோன்றும். ஏறக்குறைய 8 நனோ என்றி! இல்லாத சுருளொன்றை ஒரு சதம மீற்றர்ச் செம்பு படைத்துவிடுகின்றது.

எளிய பரிகாரம், அளவீட்டுத் தளத்தைக் கணிப்பால் முன்னகர்த்தி அவத்தையை மட்டும் திருத்துவது. வழி இழப்பற்றது, எங்கும் 50 ஓம் கொண்டது என்னும் எடுகோள்களின் மீதே இது நிற்கின்றது. இணைப்பி பலகையைச் சந்திக்கும் இடத்திலேயே இரண்டாவது எடுகோள் பெரும்பாலும் முறிந்துவிடும்.

முறையான வழி தாயங்களினுடையது. இடப்பக்கத் தாங்கி, பொருள், வலப்பக்கத் தாங்கி ஆகியவற்றின் ஊடுகடத்தற் தாயங்களை முறையே அ, ப, வ எனக் கொண்டால், கருவி அளப்பது அவற்றின் பெருக்கமாகிய அபவ. இடப்புறம் அ-வின் நேர்மாறாலும் வலப்புறம் வ-வின் நேர்மாறாலும் பெருக்கினால் ப எஞ்சும். இந்தக் கணிதம் பட்டதாரி மாணவருக்கும் எளிது. அ-வையும் வ-வையும் எங்ஙனம் அறிவது என்பதே கடினம். ஏனெனில், தாங்கியின் உட்புற முனையில் இணைப்பி இல்லை.

இங்குதான் அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகத்தைச் சேர்ந்த எங்கன், ஹோயர் ஆகியோர் 1979இல் வெளியிட்ட முறை சிறப்புறுகின்றது. இரு தாங்கிகளையும் நேரே இணைத்து ஓர் அளவீடு. இரு பக்கத்திலும் ஒரே மாதிரியான தெறிப்பியை வைத்து இன்னொன்று. இடையே குறுகிய வழியொன்றைச் செருகி மூன்றாவது. தெறிப்பியின் பெறுமானம் திட்டமாகத் தெரிய வேண்டியதில்லை. அதன் குறி தெரிந்தாற் போதும். வழியின் மாறிலியையும் முறை தானே கண்டறிந்துகொள்ளும். நாம் அறிந்திருக்க வேண்டியது அவ்வழியின் சிறப்புத் தடங்கல் ஒன்றே. அது 50 ஓமாக இல்லையெனில், விடைகள் யாவும் அந்த வேறு தடங்கலைச் சார்ந்தே அமையும்.

வசதி குறைந்த ஆய்வுகூடத்துக்கு இதன் பெறுமதி அதிகம். விலையுயர்ந்த நியமப் பெட்டியின்றி, சோதனைப் பலகையை அரிக்கும்போதே நியமங்களையும் அதன் அருகிலேயே அரித்துக்கொள்ளலாம். எல்லையும் உண்டு. செருகிய வழி 20 முதல் 160 பாகை வரையான அவத்தையைத் தரவேண்டும். மேற்கூறிய பலகையில் 50 மெகா ஏட்சில் 20 பாகை பெற ஏறக்குறைய 17 சதம மீற்றர் தேவைப்படும். அத்தகைய தாழ்ந்த மீடிறன்களில் வழிக்குப் பதிலாகப் பொருந்திய சுமையைப் பயன்படுத்துவர்.

திருத்தப்பட்ட விடையைச் சோதிப்பதில் நாம் கண்டிப்பாயிருத்தல் வேண்டும். தாங்கியைக் கணிக்கப் பயன்படுத்திய அதே நேரிணைப்பை மீண்டும் அளந்து “சரி” என்பது, வினாத்தாளைத் தயாரித்தவரே விடையெழுதிப் புள்ளியும் இடுவது போன்றது. கணிப்பிற் சேராத வேறு நீள வழியொன்றை அளந்து பார்க்கவேண்டும். விரியலாக்கும் ஆற்றலற்ற பொருளாயின், தெறிப்பு, ஊடுகடத்தல் ஆகியவற்றின் வீச்ச வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1ஐ விஞ்சவே முடியாது. விஞ்சுமாயின் தாங்கியை மிகையாகக் கழித்துவிட்டோம்: நியமப் பலகையின் தாங்கியும் பொருளைச் சுமந்த தாங்கியும் ஒன்றல்ல. பற்றாசின் அளவு, இணைப்பியின் இறுக்கம், பலகையின் கண்ணாடி இழை நெசவு ஆகிய ஒவ்வொன்றும் அவற்றை வேறுபடுத்தலாம். ஆகவே ஒரே பொருளை இரு பலகைகளில் அளந்து, விடைகளின் வேறுபாட்டையும் பெறுபேற்றோடு சேர்த்து வெளியிடுவதே நேர்மையான வழக்கம். இரண்டாவது பலகைக்கு ஆகும் செலவோ அற்பம்.