பம்பு நின்றால் தரை பிளக்கும்! நெய்வேலி சுரங்கத்தில் இரவு பகலாக நடக்கும் தண்ணீர்ப் போராட்டம்

நெய்வேலி,

இரவு 2 மணி. ஊரே தூங்குகிறது. நெய்வேலி சுரங்கத்தில் பம்புகள் மட்டும் தூங்குவதில்லை!

இன்று நேற்றல்ல, 60 ஆண்டுகளுக்கு மேலாக இதே கதைதான். தீபாவளி, பொங்கல் என்று அவற்றுக்கு லீவு கிடையாது.

அப்படி என்ன அவசரம்? ஒருநாள் நிறுத்தி வைத்தால்தான் என்ன?

நிறுத்தினால், சுரங்கத்தின் தரையே வெடித்துப் பிளந்து தண்ணீர் பீறிட்டுக் கிளம்பி விடும்! எந்திரம், ஆட்கள், நிலக்கரி எல்லாம் தண்ணீருக்குள்தான்.

கிணறு வெட்டக் கரி கிளம்பியது

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது" என்பார்கள். நெய்வேலியில் கிளம்பியது கரி!

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீர் தானாகவே பொங்கி வந்தது. அதோடு கருப்பாக ஏதோ பொருளும் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பிறகு நிலக்கரித் திட்டத்துக்காக தமது நிலத்தையே தானமாகக் கொடுத்தார் அவர்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கரியைக் காட்டிக் கொடுத்த அதே தண்ணீர்தான், கரியை வெட்ட வந்தபோது "விட மாட்டேன்" என்று குறுக்கே நின்றது!

லாரி டயர் கணக்கு

பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலே சுமார் 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் மணற்பாறையும் மூடி இருக்கிறது. படுகைக்குக் கீழே மணல் அடுக்கு. அதற்குள்தான் தண்ணீர் சிறைப்பட்டுக் கிடக்கிறது.

அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ.

இது எவ்வளவு என்று லாரி டிரைவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். லோடு லாரியின் டயருக்கு ஏறக்குறைய இவ்வளவுதான் காற்று அடிப்பார்கள். பூ, இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 60 முதல் 80 டன் ஆகிறது. 15 யானைகள் சேர்ந்து முதுகால் தூக்குகிற மாதிரி!

மேலே மண் இருக்கும்வரை கவலை இல்லை. மண்ணின் பாரம் தண்ணீரை அமுக்கி வைத்திருக்கும். ஆனால் கரி வேண்டுமானால் மண்ணை எடுத்தாக வேண்டும். எடுக்க எடுக்க பாரம் குறைகிறது. கீழே இருந்து தள்ளுகிற தண்ணீரின் கை ஓங்குகிறது.

மூடியைப் பாதி திறந்த சோடா பாட்டில் மாதிரி!

முடியுமா என்ற சந்தேகம்

இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு சுரங்கம் வெட்ட முடியுமா என்ற சந்தேகம் அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டி, கடைசியில் ஏரி வெட்டியதாக முடிந்துவிட்டால்?

அதனால் எடுத்த எடுப்பில் இறங்கவில்லை. சுரங்க என்ஜினீயர் எச்.கே.கோஷ் முன்னின்று, 1953-ல் ஒரு சோதனைக் குழி வெட்டிப் பார்த்தார்கள். கிணறுகள் போட்டு இறைத்தும் பார்த்தார்கள்.

அப்போதுதான் விடை கிடைத்தது. பூமியில் உள்ள தண்ணீரை எல்லாம் இறைத்துத் தீர்க்க யாராலும் ஆகாது. தீர்க்க வேண்டிய அவசியமும் இல்லை! தோண்டுகிற இடத்தைச் சுற்றி இறைத்து அழுத்தத்தை மட்டும் குறைத்தால் போதும். அந்த இடத்தில் தண்ணீர் மட்டம் கரிக்குக் கீழே இறங்கி நிற்கும்.

1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-ந்தேதி பிரதமர் நேரு வெட்டும் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே மின்சாரமும் வந்துவிட்டது.

பல்லை உடைத்த பாறை

தண்ணீர் மட்டும்தான் தொல்லையா? அதுவும் இல்லை.

மண் வெட்ட ஜெர்மனியில் இருந்து வாளிச் சக்கர எந்திரங்கள் வந்தன. பெரிய எந்திரத்தில் ஒரு வாளிக்கே 1,400 லிட்டர் கொள்ளளவு. அடேயப்பா! ஆனால் ஜெர்மனியின் மண் வேறு, நம்ம ஊர் கடலூர் மணற்பாறை வேறு. எந்திரத்தின் பற்கள் சீக்கிரமே தேய்ந்து போயின.

என்ன செய்தார்கள்? எந்திரம் வருவதற்கு முன்பே பாறையில் வெடி வைத்து இளக்கினார்கள். பற்களையும் வாளிகளையும் நம்ம மண்ணுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் வேலை ஓடியது.

ஒருவர் தவறினால் எல்லோருக்கும் ஆபத்து

இந்த வேலையில் "அது என் டிபார்ட்மெண்ட் இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

முதலில் நிலவியல் நிபுணர் கிணறு எங்கே என்று குறித்துக் கொடுக்க வேண்டும். துளை போடுகிறவர்கள் எந்திரம் வந்து சேருவதற்கு முன் கிணற்றை முடித்தாக வேண்டும். பம்பு ஆபரேட்டர் கண் அசரக்கூடாது. கரண்ட் போகாமல் எலெக்ட்ரீசியன் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்காணிப்புக் கிணறுகளில் தண்ணீர் மட்டத்தை அளந்துகொண்டே இருக்க ஆட்கள் வேண்டும். மட்டம் இறங்கிய இடத்தில்தான் வெட்டு எந்திரம் முன்னேறலாம்.

சுரங்கமோ ஒரே இடத்தில் நிற்பதில்லை. முன்னால் வெட்டிக்கொண்டே போகிறார்கள். பின்னால் மண்ணைக் கொட்டி மூடிக்கொண்டே வருகிறார்கள். ஆகவே கிணறுகளும் கூடவே இடம் மாற வேண்டும்!

போதாததற்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. திறந்தவெளிச் சுரங்கம் என்பது பெரிய கிண்ணம். பெய்கிற மழை எல்லாம் உள்ளேதான் வந்து விழும். அதை இறைக்கத் தனிப் பம்புகள்!

ஏமாந்தால் என்ன ஆகும்?

தண்ணீரிடம் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வங்காளத்தின் ராணிகஞ்ச் சாட்சி. 1989 நவம்பரில் அங்கே மகாவீர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 6 பேர் இறந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட 65 பேரை மீட்க, ஆள் நுழைகிற அளவுக்கு மேலிருந்து துளை போட்டார்கள். இரும்புக் கூண்டு ஒன்றை அவசரமாகச் செய்தார்கள். என்ஜினீயர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே அதில் இறங்கி, ஒவ்வொருவராக ஏற்றி அனுப்பினார். 65 பேரும் பிழைத்தார்கள்!

2023-ல் உத்தரகாண்டில் சில்க்யாரா மலைச் சுரங்கப்பாதை இடிந்ததே, அதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளி அன்று 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். துளை போட வந்த ராட்சத எந்திரம் பாதியில் உடைந்து மாட்டிக்கொண்டது. கடைசி சில மீட்டர்களைத் தோண்டியவர்கள் யார்? "எலி வளை" தொழிலாளர்கள். சம்மட்டியும் மண்வெட்டியும் கையுமாகக் குழாய்க்குள் புகுந்தார்கள். 17-வது நாள் 41 பேரும் வெளியே வந்தார்கள்.

எந்திரம் தோற்ற இடத்தில் கை ஜெயித்தது. ஆனால் எந்திரம் முக்கால்வாசி வழி போட்டு வைத்திருக்காவிட்டால் கைக்கும் வேலை இல்லை. இரண்டும் சேர்ந்துதான் ஆளைக் காப்பாற்றின.

மறுபக்கமும் உண்டு

நெய்வேலியின் வெற்றிக்கு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

சுற்று வட்டாரத்தில் முன்பு குழாய் இறக்கினால் தண்ணீர் தானாகப் பொங்கியது. மோட்டாரே தேவைப்படாமல் நெல் விளைந்தது. இன்று அந்த விவசாயிகள் ஆழத்தில் மோட்டார் இறக்கி இறைக்கிறார்கள். நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போன குடும்பங்களும் ஏராளம். 2023-ல் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரில் எந்திரத்தை இறக்கி வாய்க்கால் வெட்டியபோது ஊரே கொதித்து எழுந்தது.

அதனால்தான் "எவ்வளவு இறைக்கலாம்" என்ற கணக்கு இங்கே உயிர்நாடி. குறைத்து இறைத்தால் சுரங்கத்துக்கு ஆபத்து. கூட்டி இறைத்தால் பக்கத்து வயலுக்கு நஷ்டம், கரண்டும் தண்டம். அந்தக் கணக்கில் என்ஜினீயரோடு விவசாயிக்கும் ஒரு நாற்காலி போட்டால் நல்லது.

இறைத்த தண்ணீர் வீணாகவில்லை. மின்நிலையத்துக்கும் நெய்வேலி நகரியத்துக்கும் போகிறது. சென்னையின் தாகத்துக்கும் கை கொடுத்திருக்கிறது.

இன்று இரவு வீட்டில் சுவிட்சைப் போடும்போது ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அந்த வெளிச்சத்துக்காக நெய்வேலியில் ஒருவர் தூக்கத்தை விட்டு, தண்ணீர் மட்டத்தை அளந்துகொண்டு இருப்பார். தண்ணீரை இழந்த விவசாயியும் பக்கத்து ஊரில் விழித்துக்கொண்டுதான் இருப்பார்!