வேம்பின் மருந்தும் நஞ்சும்

உலர் வலயத்தில் வேம்பு நில்லாத வளவு அரிது. அதன் எண்ணெயைப் புண்ணுக்குப் பூசுவதும், காய்ந்த இலையை நெல்லோடு இட்டு வைப்பதும் கமக்காரரின் பழைய வழக்கம்.

1942ஆம் ஆண்டில் இரசாயன அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பிடின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். நிம்பிடின் வீக்கத்தைத் தணித்தமை பின்னர் விலங்குகளிற் செய்த சோதனைகளிற் புலனாயிற்று. வித்திலுள்ள அசாடிராக்டின் 1968இற் பிரிக்கப்பட்டது. இது புழுவை உடனே கொல்வதன்று. உண்ணவும் தோலுரித்து வளரவும் விடாது தடுப்பது. ஆதலின், தெளித்த மறுநாள் கோவாவிற் புழுவைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. வெயிலில் விரைவிற் சிதைவதால் மாலையில் தெளித்தலே நன்று.

ஆயின், மரத்தில் விளைந்ததெல்லாம் தீங்கற்றதன்று. வேப்பெண்ணெய் பருக்கப்பட்ட பச்சிளங் குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் கண்டு, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டமையை 1981இல் மலேசிய மருத்துவர்கள் அறிவித்தனர். குழந்தைக்கு அவ்வெண்ணெயை ஒரு துளியேனும் ஊட்டலாகாது.