ஓர் உம்மையும் ஒன்பது விநாடியும்

தமிழிலக்கணம் பயிலும் மாணாக்கராகிய நாம் ஆகாய விமானத்தைப்பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பை விளைத்தல் கூடும். ஆயினும், 1993-ஆம் ஆண்டில் போலந்து நாட்டில் நிகழ்ந்த ஒரு விமான விபத்தின் வரலாற்றைப் படித்தபொழுது, அதன் காரணங்களுள் ஒன்று, நாம் வகுப்பில் நாள்தோறும் ஆராயும் ஓர் இடைச்சொல்லின் பொருளில் அடங்கிக் கிடத்தலைக் கண்டோம். அதனை இயன்றவரை எளிதாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், இறங்கிய விமானம் எங்ஙனம் நிறுத்தப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். பெரிய விமானம் தரையைத் தொடும்பொழுது மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதனை நிறுத்துதற்கு மூன்று சாதனங்கள் உள. முதலாவது, சக்கரங்களில் அமைந்த பிரேக்கு. இரண்டாவது, இறக்கைகளின் மேற்புறத்தே படிந்து கிடக்கும் பலகைகள். இவற்றை ஸ்பாயிலர் என்பர். விமானம் தரையை அடைந்ததும் இவை நிமிர்ந்தெழுந்து, இறக்கையைத் தாங்கும் காற்றின் ஆற்றலைக் கெடுக்கும். அதனால் விமானத்தின் பாரம் சக்கரங்களின்மேல் இறங்கும். பாரம் இறங்கினாலன்றிப் பிரேக்கு நன்கு பற்றாது. மூன்றாவது, எஞ்சின் பின்னோக்கி வீசும் காற்றை முன்னோக்கித் திருப்பும் எதிர்வீச்சு என்க. படகோட்டி துடுப்பை எதிராக வலித்துப் படகின் வேகத்தைத் தணித்தல் போல்வது இது.

இவற்றுள் ஸ்பாயிலரும் எதிர்வீச்சும் தரையில் உயிரைக் காப்பன. வானில் காலமல்லாக் காலத்து இயங்கின் உயிரைக் கொல்வன. 1970-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் கனடா நாட்டு டொராண்டோ நகரில், இறங்கவிருந்த விமானம் ஒன்றில், தரைக்குச் சுமார் 60 அடி உயரத்திலேயே ஸ்பாயிலர்கள் எழுந்துவிட்டன. அவ்விமானத்தில் இருந்த 109 பேரும் மாண்டனர். 1991-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் தாய்லாந்து நாட்டின்மேல் பறந்துகொண்டிருந்த வேறொரு விமானத்தில் எதிர்வீச்சு தானே இயங்கியதனால் 223 பேர் உயிரிழந்தனர். இவ்வகை ஆபத்தைத் தடுத்தற்பொருட்டே, விமானம் தரையில் உள்ளது என்பது உறுதிப்பட்டாலன்றி இவை இயங்கலாகாது என்று பொறிவல்லுநர் விதி செய்கின்றனர்.

நிற்க. தரையை அடைந்ததை யந்திரம் எவ்வாறு அறியும்? ஏர்பஸ் 320 என்னும் விமானத்திற்கு இறக்கைகளின் அடியில் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாகச் சக்கரக்கால்கள் இரண்டு உண்டு. இடக்காலும் வலக்காலும் ஒவ்வொன்றும் 6.3 டன் பாரத்தால் அமுங்கினாலன்றி எதிர்வீச்சு இயங்காது என்பது அக்காலத்தில் அதன் கணிப்பொறிக்கு வகுக்கப்பட்டிருந்த விதி. ஸ்பாயிலர்கள் எழுதற்கும் இதுவே விதியாயினும், இரு புறத்துச் சக்கரங்களும் மணிக்கு 133 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சுழலின் அவை எழலாம் என மற்றொரு வழியும் விடப்பட்டிருந்தது. பிரேக்கு பற்றுதற்கோ, சக்கரங்கள் தக்க வேகத்தில் சுழலத் தொடங்குதல் வேண்டும்.

உம்மை என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் உண்டென்பது நன்னூல் கற்றார் அறிந்ததே. ‘இடக்காலும் வலக்காலும்’ என்புழி வந்தது எண்ணும்மை. எண்ணப்பட்டவற்றுள் ஒன்று குறையினும் இவ்விதி நிறைவேறாது. ‘சாத்தனும் கொற்றனும் வந்தால் கதவைத் திற’ என்று பணிக்கப்பட்ட காவலன், சாத்தன் மட்டும் வந்து மழையில் நனைந்து நிற்பினும் கதவைத் திறவான். அவன் கொடியவனல்லன், சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்.

இனி, விபத்தைக் கூறுவாம். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரினின்றும் புறப்பட்ட லுப்தான்ஸா விமானம் ஒன்று, 70 பேருடன் போலந்தின் தலைநகராகிய வார்சாவை அடைந்தது. அந்நேரம் புயற்காற்றும் பெருமழையும் விமான நிலையத்தைக் கடந்துகொண்டிருந்தன. காற்று வலப்புறத்தினின்று குறுக்கே வீசுகின்றது என்று விமானிகட்குச் செய்தி கிடைத்தது. காற்று திடீரென மாறும் என்ற எச்சரிக்கையும் கிடைத்தது. ஆகவே அவர்கள் வேகத்தைச் சிறிது மிகுத்து, வலது இறக்கையைச் சற்றே தாழ்த்தி இறங்கினர். குறுக்குக் காற்றில் இங்ஙனம் ஒருபுறம் சாய்ந்து இறங்குதல் விமானிகள் கற்ற முறையே. ஆனால், அவர்கள் தரையை அணுகுவதற்குள் காற்றின் திசை மாறிவிட்டது. அது பின்னிருந்து உந்த, விமானம் பின்னும் விரைந்தது.

ஓடுபாதையின் நீளம் 2800 மீட்டர். தொடக்கத்தினின்று 770 மீட்டர் தொலைவில் வலக்கால் தரையைத் தொட்டது. இடக்கால் தொட்டதோ 9 விநாடிகள் கழித்து, 1525 மீட்டர் தொலைவில். இவ்வொன்பது விநாடியும் கொற்றன் வாராத காலம். சாத்தன் வந்து நின்றான், கதவு திறக்கவில்லை. ஸ்பாயிலர்களும் எழவில்லை, எதிர்வீச்சும் இயங்கவில்லை. இடக்கால் அமுங்கிய பின்னரே இரண்டும் தொழிற்பட்டன. ஓடுபாதையில் தேங்கிய நீரின்மேல் சக்கரங்கள் தரையைப் பற்றிச் சுழலாமல் வழுக்கிச் சென்றமையால், பிரேக்கு பற்றுதற்கு மேலும் சில விநாடிகள் சென்றன. பாதை முடிந்தபொழுதும் விமானம் மணிக்கு 133 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 90 மீட்டருக்கு அப்பால் இருந்த மண்மேட்டில் மோதித் தீப்பற்றியது. விமானிகளுள் ஒருவரும் பயணி ஒருவரும் உயிரிழந்தனர். ஏனையோர் உயிர் தப்பினர்.

விபத்தை ஆராய்ந்தோர், காற்று மாறும் என்ற செய்தி கிடைத்தபோது விமானிகள் செய்த முடிவுகளும் செயல்களும் பிழையாயின என்று கூறினர். அதனோடு, கிடைத்திருந்த தடைச் சாதனங்களை உரிய காலத்தில் பயன்படுத்த முடியாமற் செய்த விமானத்தின் அமைப்பையும், இறங்கும் தூரம் மிகுதலைப்பற்றிக் கைந்நூலில் போதிய விளக்கம் இன்மையையும் எடுத்துக்காட்டினர். தடைச் சாதனங்களில் உடைந்தது ஒன்றுமில்லை. கணிப்பொறி தனக்கு இட்ட விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிற்று. விதி செய்தவர் கருதிய விமானம் ஏறக்குறையச் சமமாக வந்து இறங்குவது. அன்று வந்த விமானமோ சாய்ந்து, நீரின்மேல் மிதந்து வந்தது.

அங்ஙனமாயின், உம்மையை நீக்கி ‘அல்லது’ என்று மாற்றிவிடலாகாதோ எனின், ஆகாது. ஒரு கால் மட்டும் தரையில் பட்டு விமானம் மீண்டும் மேலெழும்பும் நேரமும் உண்டு. அப்பொழுது ஸ்பாயிலர்கள் எழுமாயின் டொராண்டோவில் நேர்ந்த துன்பமே மீண்டும் நேர்தல் கூடும். ஆதலின் உம்மையை அவ்வாறே நிறுத்தி, 6.3 டன் என்னும் அளவையே பின்னர் 2 டன்னாகக் குறைத்தனர். இடக்கால் முன்னிலும் மெல்ல ஊன்றினாலும் கதவு திறக்கும்படி செய்தனர் என்க. ஒருபுறத்து ஆபத்தை விலக்கப் புகுந்து மறுபுறத்து ஆபத்தை அழையாமல் விதி செய்தல் எத்துணை அரிது என்பது இதனால் விளங்கும்.

பழைய உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்தில் வந்த ஓர் உம்மையை எடுத்துக்கொண்டு, இஃது எண்ணோ, முற்றோ, எச்சமோ என்று பக்கக்கணக்கில் ஆராய்வதைக் கண்டு, தேர்வுக்குப் படிக்கும் இரவுகளில் நாம் சலிப்புற்றதுண்டு. இத்துணைச் சிறிய சொல்லில் என்ன இருக்கிறது என்று நம்முள் நகைத்ததும் உண்டு. வார்சாவின் ஓடுபாதையில் கழிந்த அவ்வொன்பது விநாடியை அறிந்தபின் அங்ஙனம் நகைக்க மனம் ஒருப்படவில்லை. அடுத்த கட்டடத்தில் விஞ்ஞானம் பயிலும் நம் தோழர்கள் நாளை யந்திரங்களுக்கு விதி எழுதுவார்கள். அவர்கள் ‘இதுவும் அதுவும்’ என்று எழுதும்பொழுது, ‘இது வந்து அது வாராதாயின் யாது நிகழும்?’ என்று ஒருகணம் நின்று வினவுவாராக. அவ்வினாவை வினவப் பழகுதற்கு இலக்கண வகுப்பும் தக்க இடமே என்பது நம் துணிபு.