ஒரு குண்டுவெடிப்பு, மூன்று நினைவுச் சின்னங்கள்

1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய இந்தியாவின் முதல் மே தினத்துக்கு வேர், அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருக்கிறது. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1 அன்று அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மே 3 அன்று மெக்கார்மிக் ஆலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கம் அருகே நடந்த கூட்டம் முடியும் தறுவாயில், கலைந்து போகச் சொல்லி வந்த போலீஸ் அணி மீது யாரோ குண்டு வீசினார்கள். போலீஸ் திருப்பிச் சுட்டது. ஏழு போலீஸ்காரர்களும் பொதுமக்களில் குறைந்தது நான்கு பேரும் உயிரிழந்தார்கள். குண்டை வீசியவர் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அராஜகவாதிகள் எட்டு பேர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அவர்களில் நான்கு பேர் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் அதற்கு முந்தைய நாள் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்த ஒரே நிகழ்ச்சிக்கு எழுந்த மூன்று சின்னங்களும் மூன்று வேறு கதைகளைச் சொல்கின்றன. 1889இல் சதுக்கத்தில் நின்றது, கையை உயர்த்தி அமைதி காக்கக் கட்டளையிடும் போலீஸ்காரரின் வெண்கலச் சிலை. தூக்கிலிடப்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னமோ 1893 ஜூன் 25 அன்று நகர எல்லைக்கு வெளியே, அவர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தில் திறக்கப்பட்டது. அதற்கு மறுநாளே ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று கூறி, சிறையில் எஞ்சியிருந்த மூவரையும் மன்னித்து விடுவித்தார். இவ்வளவுக்குப் பிறகும் சம்பவ இடத்தில் தொழிலாளர் தரப்புக்கென்று ஒரு சிற்பம் எழ 2004 வரை ஆனது. அன்று பேச்சாளர்கள் மேடையாக்கிக்கொண்ட வண்டியை நினைவூட்டும் சிற்பம் அது.

ஆகவே, நினைவுச் சின்னம் நடந்ததைச் சொல்வதைவிட, அதை நட்டவர்களின் காலத்தையும் கையிருப்பையும் அழுத்தமாகச் சொல்கிறது என்றே கொள்ள வேண்டும். 1889இல் சதுக்கத்தில் சிலை வைக்கும் பணமும் செல்வாக்கும் நகரத்தின் வணிகர்களிடம் இருந்தன; தூக்கிலிடப்பட்டவர்களின் குடும்பங்களுக்குக் கிடைத்தது கல்லறை மண் மட்டும். போலீஸ் சிலை பட்ட பாடும் இதையே காட்டுகிறது. 1969இலும் 1970இலும் அதைத் தீவிர இடதுசாரிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மீண்டும் நிறுத்தி இரவு பகலாகக் காவல் போட்டும் கட்டுப்படியாகாமல், 1972இல் நகராட்சி அதைப் போலீஸ் தலைமையகத்துக்குள் கொண்டுபோனது. பொதுவெளியில் நிற்க இருபத்துநான்கு மணி நேரக் காவல் தேவைப்பட்ட ஒரு சிலையை, ஊர் முழுவதும் ஒப்புக்கொண்ட வரலாறு என்று சொல்ல முடியாது.

அப்படியானால் வரலாறு என்பது ஆளுக்கு ஒரு கருத்துத்தானா என்று கேட்கலாம். இல்லை. இறந்தவர்களின் எண்ணிக்கை, தண்டனை, மன்னிப்பு ஆணை எல்லாம் ஆவணங்களில் இருக்கின்றன; சின்னத்துக்குச் சின்னம் அவை மாறுவதில்லை. அவற்றில் எதைக் கல்லில் பொறிப்பது, எதை விடுவது என்பதுதான் மாறுகிறது. விடுபடுவதன் விலையும் பெரிது. 1919இல் இதே நகரில் நடந்த இனக் கலவரத்தில் கறுப்பினத்தவர் 23 பேரும் வெள்ளையர் 15 பேரும் கொல்லப்பட்டார்கள். அது தொடங்கிய ஏரிக்கரையில் ஒரு சிறு பலகை வைக்கவே சுமார் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. அங்கே எதுவும் வைக்காமல் இருந்ததும் ஒரு தரப்பு எடுத்த முடிவுதான்.

எல்லாத் தரப்பையும் சேர்த்தால் சின்னம் வழவழவென்று ஆகிவிடும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. 2004 சிற்பத்தின் உருவங்களுக்கு முகமே இல்லை. தங்கள் தோழர்களின் கொள்கையை மழுக்கிவிட்டார்கள் என்று அராஜகவாதிகள் அதை எதிர்த்தார்கள். ஆனால் வழி, எல்லோருக்கும் பிடித்த ஒரு வாசகத்தைத் தேடுவதில் இல்லை. ஒவ்வொரு சின்னத்திலும் அதை வைத்தது யார், எந்த ஆண்டு, யார் பணத்தில் என்பதைப் பொறித்துவைத்தால் போதும். 1889இன் வணிகர்களும் 2004இன் தொழிற்சங்கங்களும் தத்தம் பெயரிலேயே பேசட்டும். படிப்பவர்கள் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுத் தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார்கள்.