கஃபீலும் கைமுதலும்

வளைகுடா நாடுகளில் பொருளீட்டும் நம் சமுதாயத்தார் இல்லங்களில் சிறுபிள்ளைகளும் அறிந்த சொல் 'கஃபீல்' என்பதாகும். பிணையாளர், பொறுப்பேற்பவர் என்பன இவ்வரபுச் சொல்லின் பொருள்களாம். இஸ்லாமியச் சட்ட நூல்களில் 'கஃபாலத்' என்பது ஒருவருடைய கடன்பொறுப்போடு மற்றொருவர் தம் பொறுப்பையும் இணைத்துக்கொள்வதைக் குறிக்கும். மர்யம் (அலை) அவர்களை ஜகரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்று வளர்த்ததைத் திருக்குர்ஆன் கூறுமிடத்தும் இச்சொல்லின் வேரே பயின்று வருகின்றது. பரிவும் காவலும் கலந்த இச்சொல் வளைகுடாவின் குடியேற்றச் சட்டத்துக்குள் புகுந்தபோது, அயலவர் ஒருவர் அங்குத் தங்கும் உரிமையே மற்றொருவரின் கையொப்பத்துக்குள் அடங்கிவிட்டது. சொற்பொருள் மாற்றத்திற்கு இதனினும் தெளிவான சான்று வகுப்பறையில் நமக்குக் கிட்டியதில்லை.

அக்கையொப்பம் இருந்த இடத்தில் ஒருவர் தம் கைமுதலை வைப்பதே முதலீட்டு வழியிலான குடியிருப்புரிமை எனலாம். "ஊரிலுள்ள மனையை விற்றுத் துபாயில் கடை வைத்தால் சொந்த விசாவாமே, மெய்தானா?" என்று விடுமுறையில் வரும் பழைய மாணவர்கள் நம்மிடம் வினவுகின்றனர். சிலவேளை அவர்தம் தந்தையாரும் வந்து வினவுகின்றனர். நாம் சட்டம் பயின்றவரல்லோம். எனினும் ஐக்கிய அரபு அமீரகம் வெளியிட்டுள்ள விதிகளைக் கொண்டு இயன்றவரை ஈண்டு விளக்குவோம்.

முன்னிருந்த நிலையை அறிந்தால்தான் இன்றைய மாற்றம் புலப்படும். அமீரகத்தின் 1984ஆம் ஆண்டு வணிக நிறுமச் சட்டப்படி, அங்கு நிறுமம் தொடங்கும் அயல்நாட்டார் 51 விழுக்காட்டுப் பங்கினை அந்நாட்டுக் குடிமகன் பெயரில் வைக்க வேண்டியிருந்தது. 1985இல் தோன்றிய ஜபல் அலி போன்ற தடையில்லா வணிக மண்டலங்கள் மட்டுமே இதற்கு விலக்கு. கடைத்தெருவில் மளிகைக்கடையோ உணவகமோ வைத்தவர் நிலை வேறு. முதலும் உழைப்பும் இவருடையவை. பெரும்பங்கு ஏட்டளவில் அரபியருடையது. அதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. அந்தப் பங்காளி மறைந்துவிட்டால் அவர்தம் வாரிசுகளிடம் மீண்டும் முதலிலிருந்து பேச வேண்டும். நல்ல மனம் படைத்த அரபியர் பலர் இருந்தமையாலேயே நம்மவர் கடைகள் நிலைத்தன என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். ஆயினும் ஒருவரது நல்ல மனம் சட்டமாகிவிடாது. 2020இல் திருத்தப்பெற்று 2021 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விதி, பெரும்பாலான வணிகங்களில் முழு உடைமையையும் அயலவர்க்கே அளித்துவிட்டது.

குடியிருப்புரிமையும் அதனையொட்டி விரிந்தது. 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வணிகத்தில் முதலீடு செய்தவரும் பங்குதாரரும் ஐந்தாண்டுக்குரிய 'பச்சை விசா'வைப் பெறலாம். 2019இல் தொடங்கிய 'தங்க விசா' பத்தாண்டுக்குரியது. வணிக வழியில் அதனைப் பெறுவதற்கு, உரிமம் பெற்ற நிறுமத்தில் விண்ணப்பிப்பவரின் முதல் 20 இலட்சம் திர்ஹத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். அல்லது அவர் ஆண்டுதோறும் அரசுக்கு இரண்டரை இலட்சம் திர்ஹத்துக்குக் குறையாது வரி செலுத்துவதாக அந்நாட்டு வரி ஆணையம் சான்றளித்தல் வேண்டும். சாதாரண விசா உடையவர் ஆறு திங்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் விசா செல்லாததாகிவிடும். தங்க விசாவிற்கு இக்கட்டுப்பாடு இல்லை. முதலீட்டாளர் இறந்துபட்டாலும் குடும்பத்தார் அவ்விசாவின் காலம் முடியும்வரை அங்கேயே தங்கலாம். கஃபீல் முறையில் நினைத்தும் பார்க்க இயலாத பாதுகாப்பு இது.

இவ்வழியில் ஒரு நிபந்தனையை நம்மவர் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். முதலீடு செய்யும் பணம் கடனாக இருத்தலாகாது, முற்றிலும் தமதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. வட்டிக்கு வாங்கி விசா பெற எண்ணுவோர்க்கு மார்க்கமும் அமீரகச் சட்டமும் ஒருசேர வழியை அடைத்துள்ளன.

இனி ஊர்ப்பணம் கடல் கடக்கும் வழி. திர்ஹம் டாலரோடு பிணைக்கப்பட்ட நாணயமாதலின் 20 இலட்சம் திர்ஹம் ஏறத்தாழ 5 இலட்சத்து 45 ஆயிரம் டாலராகும். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடியது 2 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் என ரிசர்வ் வங்கி வரையறுத்துள்ளது. ஆகவே ஊரிலிருக்கும் தந்தை தனியொருவராக இத்தொகையை அனுப்ப மூன்று நிதியாண்டுகள் தேவைப்படும். வெளிநாடு வாழ் இந்தியராகிய மகன், தன் பெயரிலுள்ள மனையை விற்று, உரிய வரி செலுத்தி, அத்தொகையை இங்குள்ள வங்கிக் கணக்கின் வாயிலாக அனுப்பினால் ஒரு நிதியாண்டில் 10 இலட்சம் டாலர் வரை அனுமதி உண்டு. மனை யார் பெயரில் உள்ளது என்னும் சிறு வினா எத்துணை வேறுபாட்டை விளைக்கிறது, பாருங்கள்! 'உண்டியல்' வழியே போன பணத்திற்கு எந்த அலுவலகத்திலும் கணக்குக் காட்ட இயலாது.

இவ்வுரிமை குடியுரிமையன்று என்பதும் நினைவிற்குரியது. அமெரிக்கா 1990இல் இயற்றிய சட்டப்படி, முதலீடு செய்து பத்துப் பேர்க்கு முழுநேர வேலை அளிப்பவர் நிலையான குடியிருப்புரிமை பெற்றுப் பின்னர்க் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்குரிய தொகையை 2022ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு இலட்சம் டாலராகவும், சில பகுதிகள் நீங்கலாகப் பத்தரை இலட்சமாகவும் உயர்த்தியது. அமீரகத்திலோ 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னும் முதலீட்டாளரை அரசே பரிந்துரைத்தால்தான் குடியுரிமை. தாமே விண்ணப்பிக்க வழியில்லை. தங்க விசாவும் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தக்கதே. புதுப்பிக்கும் நாளிலும் முதல் குறையாது நிற்றல் வேண்டும்.

வணிகம் செய்யும் எண்ணமின்றி விசாவுக்காக மட்டும் உரிமம் வாங்குவோர் உளர். அவர்களைப் பற்றியே நமக்குக் கவலை. கடை திறவாவிடினும் உரிமத்தைப் புதுப்பிக்கும் கட்டணமும் இட வாடகையும் நிற்பதில்லை. 2023 ஜூன் முதல் நிறும வரி வந்துள்ளது. ஆண்டு இலாபம் 3 இலட்சத்து 75 ஆயிரம் திர்ஹத்தைக் கடந்தால்தான் ஒன்பது விழுக்காடு வரி. ஆனால் இலாபமே இல்லாத நிறுமமும் பதிவு செய்தாக வேண்டும். பதிவில் காலந்தாழ்த்தியோர்க்குத் தண்டம் 10,000 திர்ஹம் என விதிக்கப்பட்டது. ஊரில் மனை விற்ற பணம் இப்படித் துளித்துளியாய்க் கரைவதைக் குடும்பத்தார் அறிவதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடும்.

2025 ஜூலையில், ஏறத்தாழ 23 இலட்சம் ரூபாய் கட்டினால் இந்தியர்க்கு ஆயுட்காலத் தங்க விசா கிடைக்கும் என்றொரு செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது. நம் ஊர்களிலும் அதுவே பேச்சாயிற்று. சில நாள்களுக்குள் அமீரகக் குடியேற்ற ஆணையம் அதனை மறுத்தது. தங்க விசாவுக்குரிய விண்ணப்பங்கள் அரசின் அலுவல்முறை வழிகளிலேயே ஏற்கப்படும் என்றும், இடைநின்று விண்ணப்பம் பெற எந்த ஆலோசனை நிறுவனத்திற்கும் அதிகாரம் இல்லை என்றும் அவ்வாணையம் அறிவித்தது.