வசந்தகாலப் பயிரும் நவ்ரூஸ் நாட்காட்டியும்

ஹிஜ்ரி ஆண்டின் மூன்றாம், நான்காம் மாதங்களை ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர் என அழைக்கிறோம். ‘ரபீஉ’ என்னும் அரபுச் சொல் வசந்தத்தையும், மழைக்குப் பின் மேய்ச்சல் தழைக்கும் பருவத்தையும் குறிக்கும். ஆயினும் அம்மாதங்கள் நமக்குச் சில ஆண்டுகளில் ஐப்பசி அடைமழையிலும், வேறு சில ஆண்டுகளில் சித்திரை வெயிலிலும் வருகின்றன. சந்திர ஆண்டுக்கு 354 நாட்கள். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே ஒவ்வொரு சந்திர மாதமும் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது.

இதனைக் குறை எனக் கொள்ளலாகாது. நோன்பும் ஹஜ்ஜும் ஒரு நாட்டாருக்கு என்றும் கோடையிலும், இன்னொரு நாட்டாருக்கு என்றும் குளிரிலும் அமையாமல், எல்லாருக்கும் எல்லாப் பருவத்திலும் வருகின்றன. அறியாமைக் கால அரபிகள் புனித மாதங்களைத் தம் வசதிக்கேற்பத் தள்ளிவைத்து வந்த ‘நஸீஃ’ என்னும் வழக்கத்தைத் திருக்குர்ஆன் (9:37) கண்டித்து விலக்கிற்று. எனினும் விதையும் கதிரும் பிறையைப் பார்த்து வளர்வதில்லை. வணக்கத்திற்குச் சந்திரக் கணக்கை நிலைநாட்டிய ஒரு சமுதாயம், உழவரிடம் வரி வாங்கும் நாளை எதைக் கொண்டு முடிவு செய்தது? இவ்வினாவுக்கு இராக் நாட்டின் வரலாற்றில் தெளிவான விடை கிடைக்கிறது.

அப்பாசியக் கருவூலத்தின் முதுகெலும்பாக விளங்கியது ‘ஸவாத்’ எனப்பட்ட தென் இராக் சமவெளி. அங்குக் கோதுமையும் வாற்கோதுமையும் இலையுதிர் காலத்தில் விதைக்கப்படும். குளிர்கால ஈரத்தில் தூர் கட்டும். வசந்தம் பிறந்ததும் கதிர் ஈன்று பால் பிடிக்கும். வாற்கோதுமை முதலில் முற்றும். கோதுமை அதன்பின் மே, ஜூன் மாதங்களில் களத்துக்கு வரும்.

இராக்கின் வசந்தத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. அனத்தோலிய மலைகளிலும் ஸாக்ரோஸ் மலைகளிலும் பனி உருகி, தஜ்லா, ஃபுராத் நதிகள் ஏப்ரல், மே மாதங்களில்தான் பெருகி வரும். எகிப்தின் நைல் நதியோ கோடையின் இறுதியில் பெருகி, வண்டலைப் பரப்பிவிட்டு, விதைப்புக்கு முன் வடிந்துவிடுவதாய் இருந்தது. நைல் வெள்ளம் உழவனுக்கு விதைநிலத்தைத் தயாரித்துத் தந்தது; இராக்கின் வெள்ளமோ அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கும் பயிரின்மீது வந்தது. கரை ஓரிடத்தில் உடைந்தாலும் ஓராண்டு உழைப்பு நீரில் மூழ்கிவிடும்.

வெள்ளம் வராவிடினும் வசந்தகாலப் பயிர் ஆபத்து நீங்கியதன்று. பூக்கும் வேளையில் உறைபனி விழுந்தால் மகரந்தம் கெட்டு, கதிர் மணியின்றிப் பதராகும். பால் பிடிக்கும் வேளையில் வெப்பக் காற்று வீசினால் பயிர் உரிய நாளுக்கு முன்பே முதிர்ந்து, மணி சுருங்கி எடை குறையும். முற்றிய பயிர்மீது புயலும் மழையும் வந்தால் தாள் சாயும். மணி கதிரிலேயே முளைக்கவும் கூடும். 2022ஆம் ஆண்டு இதற்கு அண்மைச் சான்று. 1901 முதலான பதிவுகளிலேயே அதிக வெப்பம் கொண்ட மார்ச் மாதத்தை இந்தியா அவ்வாண்டு கண்டது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை மணிகள் சுருங்கின. மே மாதத்தில் நடுவணரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. பிப்ரவரியில் செழித்து நின்ற வயலைப் பார்த்து விளைச்சலை மதிப்பிட்டவர்களின் கணக்கு பிழைத்துப் போயிற்று.

இவ்வுண்மையை ஷரீஅத் தொடக்கத்திலேயே கணக்கில் கொண்டுள்ளது. கனிகள் பக்குவம் அடைவது வெளிப்படும் முன் அவற்றை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விளைச்சலின் கடமையைச் செலுத்தும் வேளையாகத் திருக்குர்ஆன் (6:141) அறுவடை நாளையே குறிப்பிடுகிறது. கையில் வராத விளைச்சலை வந்ததாகக் கொண்டு எவர்மீதும் பொறுப்பைச் சுமத்தலாகாது என்பதே இவற்றின் உட்பொருள் என நாம் கருதுகிறோம்.

இனி நவ்ரூஸுக்கு வருவோம். இராக்கில் ‘கராஜ்’ எனும் நிலவரி வசூலைப் பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் அன்று தொடங்குவது ஸாஸானியர் காலத்து வழக்கம். பாரசீக ஆண்டுக்கு 365 நாட்கள்; மிகுநாள் கிடையாது. விடுபடும் கால் நாளை ஈடுசெய்ய 120 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைச் சேர்த்து வந்தனர் என்று அறிஞர் அல்பீரூனி, கி.பி. 1000 அளவில் இயற்றிய ‘அல்ஆஸாருல் பாகியா’ நூலில் எழுதுகிறார். ஸாஸானியப் பேரரசு வீழ்ந்தபின் அவ்வழக்கமும் நின்றது. அதனால் நவ்ரூஸ் நான்கு ஆண்டுகளுக்கு ஒருநாள் வீதம் முன்னோக்கி நகரலாயிற்று. 632இல் ஜூன் 16 அன்று, தானியம் களம் சேரும் பருவத்தில் வந்த நவ்ரூஸ், 895இல் ஏப்ரல் இரண்டாம் வாரத்திற்கு வந்துவிட்டது. வயல் பச்சையாக நிற்கையில் வரித் தண்டலர் வாயிலில் நின்றனர்.

உழவரும் நிலக்கிழாரும் வாளாவிருக்கவில்லை. உமையாக் கலீஃபா ஹிஷாம் (724–743) காலத்தில், நவ்ரூஸை ஒரு மாதம் தள்ளிவைக்குமாறு இராக்கின் ஆளுநர் காலித் அல்கஸ்ரியிடம் முறையிட்டனர். அவர் கலீஃபாவுக்கு எழுத, இது திருக்குர்ஆன் விலக்கிய நஸீஃ ஆகிவிடுமோ என அஞ்சி ஹிஷாம் மறுத்துவிட்டார். ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் யஹ்யா பர்மகியிடம் மீண்டும் முறையிட்டனர். அவர் இசைய எண்ணினார். ஆனால் நெருப்பு வணங்கிகளின் சமயத்திற்குப் பரிந்து செல்கிறார் என்று பகைவர் பழி கூறவே கைவிட்டார். இவ்விரு செய்திகளையும் அல்பீரூனியே தருகிறார்.

அடுத்துக் கலீஃபா முதவக்கில் (847–861) பற்றியும் அவர் எழுதுகிறார். கலீஃபா வேட்டைக்குச் சென்றவிடத்தில் முற்றாத பயிரைக் கண்டார். வரி வசூலைத் தொடங்க அமைச்சர் உபைதுல்லாஹ் தம்மிடம் அனுமதி கேட்டிருப்பது அவர் நினைவுக்கு வந்தது. பயிர் இன்னும் பச்சையாக இருக்க, மக்கள் எதிலிருந்து செலுத்துவர் என வினவினார். கடன்பட்டுச் செலுத்துகின்றனர், இயலாதோர் ஊரைவிட்டு வெளியேறுகின்றனர் என்று விடை வந்தது. காரணத்தை ஆராய்ந்த கலீஃபா, நவ்ரூஸை ஜூன் 17க்கு மாற்ற ஆணையிட்டார். ஆனால் 861இல் அவர் கொல்லப்பட்டார், ஆணை நிலைபெறவில்லை. ஹிஜ்ரி 282இல் (895) கலீஃபா முஃதளித்தான் அப்பணியை நிறைவேற்றினார். வரித் தொடக்கம் ஏறத்தாழ இரு மாதங்கள் தள்ளப்பட்டு ஜூன் 11இல் நிலைநிறுத்தப்பட்டது. மிகுநாள் கொண்ட சிரியக் கணக்கோடு அது பிணைக்கப்பட்டதால், முன்போல் நகர்ந்து செல்வதும் நின்றது. ‘முஃதளிதின் நவ்ரூஸ்’ என வரலாறு அதனைக் குறிக்கிறது.

ஹிஷாமின் அச்சமும் முஃதளிதின் செயலும் முரண்பட்டவை போலத் தோன்றலாம். நஸீஃ என்பது அல்லாஹ் புனிதமாக்கிய மாதத்தின் புனிதத்தை மனிதர் இடம் மாற்றுவது. வரி வசூல் தொடங்கும் நாளோ மனிதர் ஏற்படுத்திய நிர்வாக ஏற்பாடு. அதனைத் தள்ளிவைப்பதால் ரமளானோ துல்ஹஜ்ஜோ ஒருநாளும் நகரவில்லை. மார்க்கத்தைப் பேணும் நல்லெண்ணத்தால் எழுந்த தயக்கம், இரண்டையும் ஒன்றாகக் கருதியதால், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உழவரைக் கடனில் ஆழ்த்திற்று. மார்க்கச் சட்டத்தைப் பயில்வோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இவ்வரலாற்றின் தொடர்ச்சி நம் ஊர்க் கிராம நிர்வாக அலுவலகத்திலும் உண்டு. தமிழகத்து நிலவருவாய்க் கணக்குகள் இன்றும் ‘பசலி’ ஆண்டில் எழுதப்படுகின்றன. பருவத்தைக் குறிக்கும் ‘ஃபஸ்ல்’ என்ற அரபுச் சொல்லே பசலி ஆயிற்று. சந்திர ஆண்டில் வரி வாங்கினால் 32 அறுவடைகளுக்கு 33 வரி ஆண்டுகள் வந்துவிடும். இதனைத் தவிர்க்க, ஹிஜ்ரி எண்ணை வைத்துக்கொண்டு சூரியக் கணக்கில் செல்லும் இவ்வாண்டு அக்பர் காலத்தில் வட இந்தியாவிலும், ஷாஜஹான் காலத்தில் தக்காணத்திலும் ஏற்பட்டது. நம்மிடம் ஜூலை 1இல் அது தொடங்குகிறது. அவ்வாறே, வசந்தத்தில் அறுக்கும் பயிரைக் குறிக்க இந்திய வேளாண்மை வழங்கும் ‘ரபி’ என்ற சொல்லும் நாம் தொடக்கத்தில் கண்ட ரபீஉ என்பதே. மாதத்தின் பெயராய்ப் பருவங்களைச் சுற்றி வரும் அச்சொல், பயிரின் பெயராய்த் தன் பருவத்திலேயே நிற்கிறது.

வரியின் இடத்தில் இன்று பயிர்க்கடனும் தவணை நாளும் நிற்கின்றன. வெப்பமும் மழையும் முன்னறிந்த நாட்களில் வருவதில்லை. எனினும் முதவக்கில் வயலருகே நின்று கேட்ட வினா மாறவில்லை. தவணை நாளைக் குறிப்பவர் யாராயினும், பயிர் முற்றியதா என முதலில் கேட்டறிவதே நீதி.